கடுகும் சாமையும்

2019 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வளர்க்கும் தோழி ஒருத்திக்குத் துணையாகக் கொளத்தூர் போயிருந்தேன். வரிசையாக வண்ணமீன் கடைகள் இருக்கும் பகுதி அது. அவள் தொட்டிக்கு மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கல்லாவுக்குக் கீழே வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூடையை எட்டிப் பார்த்தேன். மரத்தூளின் மீது இருபது முப்பது வெள்ளை எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கறுப்பாக ஒன்றே ஒன்று. வளர்ப்பதற்கா என்று நான் கேட்டதும் கடைக்காரர் சிரித்துவிட்டு, “அரோவானாவுக்கு” என்றார். பெரிய மீன் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து இரைக்கு வாங்கிப்போவார்களாம். கறுப்பையும் அதை ஒட்டிப் படுத்திருந்த வெள்ளை ஒன்றையும் கேட்டு வாங்கினேன். இரண்டும் பெட்டைதானே என்று இரண்டு முறை கேட்டேன். பெட்டைதான் என்று அவரும் இரண்டு முறை சொன்னார். அந்த உறுதிமொழி எத்தனை நாள் தாங்கியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் அம்மா அன்றைக்குத்தான் சமையலறை அலமாரிக்கு அடியில் எலிப்பொறி வைத்துவிட்டு, அதில் மாட்டுவதற்கு மசால்வடை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். நான் ஒரு கையில் வடைப் பொட்டலமும் மறு கையில் எலிப்பெட்டியுமாக உள்ளே நுழைந்ததை அவள் இன்றுவரை உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கறுப்புக்குக் கடுகு என்றும் வெள்ளைக்குச் சாமை என்றும் பெயர் வைத்தேன். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், ஒரே வீட்டில் சமையலறையில் ஓர் எலிக்கு வடையும் கூடத்தில் ஓர் எலிக்குச் சிறுதானியமும் வைக்கப்பட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே இனம். கடையில் விற்கும் வெள்ளை எலி, மனிதர்கள் பல தலைமுறைகளாகப் பிடித்து வளர்த்துப் பொறுக்கியெடுத்த வீட்டுச் சுண்டெலியேதான். தமிழில் நாம் பல பிராணிகளை எலிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பெருச்சாளி வேறு, கிராமத்தில் வெள்ளெலி என்று சொல்வது வயல்காட்டில் வளை தோண்டும் வேறோர் இனம், மூஞ்சூறு எலி வகையே அல்ல, நீண்ட மூக்குள்ள பூச்சி தின்னி. எதிர்வீட்டுப் பாட்டி ஒவ்வொரு விநாயகர் சதுர்த்திக்கும் சாமைக்கென்று கொழுக்கட்டை கொண்டுவருவார். “மூஞ்சூறுக்குக் கொடும்மா” என்பார். திருத்த எனக்கு மனம் வந்ததில்லை. வெல்லப் பூரணத்தை நான் தின்றுவிட்டு, வெந்த மாவில் ஒரு கடுகளவு சாமைக்கு வைத்துவிடுவேன்.

தோழி வீட்டில் சும்மா கிடந்த இரண்டடி மீன்தொட்டிதான் முதல் வீடாயிற்று. மேலே கொசுவலைக்கம்பி அடித்த மரச்சட்டம் ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினேன். கம்பிக் கூண்டு வாங்குபவர்கள் ஓர் அளவை மட்டும் மறக்கக் கூடாது: கம்பிகளுக்கிடையே 6 மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி இருந்தால் குட்டி எலி வெளியே போய்விடும். தலை நுழைந்துவிட்டால் உடல் தானாக நுழையும் என்பதுதான் எலியின் கணக்கு. கீழே பரப்புவதற்குக் கடையில் கொடுத்த மரத்தூளை நான் இரண்டாம் நாளே கொட்டிவிட்டேன். அது மிகப் பொடியாக இருந்தது. தேவதாரு, பைன் போன்ற வாசனை மரங்களின் சீவலாக இருந்தால் அதிலிருந்து கிளம்பும் நெடி எலியின் நுரையீரலுக்கு ஆகாது. நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்தில், வெட்டும் இயந்திரத்துக்குக் கீழே அச்சுப்படாத காகித ஓரங்கள் மூட்டை மூட்டையாக விழும். தினமும் ஒரு பை கொண்டுவந்து, நான்கு விரற்கடை ஆழத்துக்குப் பரப்பினேன். கடுகு அன்று இரவே அதில் சுரங்கம் போட்டது. காலையில் பார்த்தபோது, காகித நாடா ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பல்லால் கிழித்து நூலாக்கி, உருண்டையான ஒரு கூடு முடைந்து வைத்திருந்தது. தூக்கணாங்குருவிதான் நினைவுக்கு வந்தது.

முதல் மாதத்தில் நான் செய்த தவறுகளில் பெரியது சுத்தம். ஞாயிறுதோறும் எலிகளை வாளியில் விட்டுவிட்டு, தொட்டியிலுள்ள எல்லாவற்றையும் கொட்டி, பினாயில் கலந்த நீரில் கழுவி வெயிலில் காயவைப்பேன். திங்கட்கிழமை நாற்றம் முன்னைவிட அதிகமாக இருக்கும். சாமை மூலைக்கு மூலை ஓடிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டுக்கொண்டே இருக்கும். எலிக்குத் தன் வீடு தன் வீடுதான் என்று தெரிவது கண்ணால் அல்ல, மூக்கால். ஆண் எலியின் சிறுநீரில் உள்ள சில புரதங்கள் வாசனைப் பொருள்களைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன; அதனால் ஒரு சொட்டின் செய்தி நெடுநேரம் நிற்கிறது. பெட்டை எலியை ஈர்க்கும் அப்படியொரு புரதத்தைக் கண்டறிந்தவர்கள் 2010இல் அதற்கு ஓர் ஆங்கில நாவலின் நாயகனை நினைத்து டார்சின் என்று பெயரிட்டார்கள். நான் வாரந்தோறும் செய்துகொண்டிருந்தது, ஒருவர் வீட்டுப் பட்டாவைக் கிழித்துப்போட்டுவிட்டு இனி நிம்மதியாகத் தூங்கு என்று சொல்வதைப் போன்றது. பிறகு முறையை மாற்றினேன். நனைந்த மூலையில் உள்ள காகிதத்தை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அள்ளிவிடுவேன். பத்து நாளுக்கு ஒருமுறை தொட்டியை வெந்நீரில் கழுவும்போது, பழைய கூட்டில் காய்ந்த பகுதியாக ஒரு பிடி எடுத்து வைத்துப் புதுக் காகிதத்துக்கு நடுவே திரும்ப வைத்துவிடுவேன். அதற்காக அழுக்காகவே விட்டுவிடலாம் என்று பொருளல்ல. சிறுநீர் ஊறிக் கிளம்பும் அம்மோனியா நம் மூக்கில் ஏறும் நிலை வந்துவிட்டால், தரையோடு தரையாக மூச்சுவிடும் எலிக்கு அது எப்போதோ தாங்க முடியாததாகியிருக்கும்.

மூக்குக்கு அடுத்தபடி காது. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்குமேல் கேட்பதில்லை. சுண்டெலியின் காது அதற்கு நான்கு மடங்குக்கும் மேலே போகிறது. குட்டிகள் தாயைக் கூப்பிடுவதும், ஆண் பெட்டையிடம் பேசுவதும் நமக்குக் கேட்காத அந்த உயரத்தில்தான் நடக்கின்றன. ஆண் எலியின் அந்த ஒலிகளைப் பதிவுசெய்து, தாழ்த்திக் கேட்டு, பறவையின் பாட்டைப் போன்ற ஒழுங்கு அதில் இருப்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோதி ஹோலி, சோங்ஷெங் குவோ இருவரும் 2005இல் வெளியிட்டார்கள். இதை நான் படித்தறிவதற்கு முன்பே அம்மா ஒரு காரியம் செய்துவிட்டிருந்தாள். பொறியில் எலி விழாத கோபத்தில், மின்செருகியில் மாட்டும் எலிவிரட்டிக் கருவி ஒன்றை வாங்கிச் சமையலறையில் போட்டுவிட்டாள். நமக்கு ஒரு சத்தமும் கேட்காது. கடுகும் சாமையும் இரண்டு நாள் காகிதத்துக்கு மேலே வரவில்லை; வைத்த தீனி வைத்தபடி கிடந்தது. காரணம் புரியாமல் தவித்து, கடைசியில் அந்தக் கருவியின் பச்சை விளக்கு கண்ணில் பட்டபோது எனக்கு எழுந்த கோபத்தை அம்மாவிடம் காட்ட முடியவில்லை. அவள் வீட்டுக்கு நல்லது என்றுதான் வாங்கினாள். கருவி பெட்டிக்குள் போயிற்று.

கடைக்காரர் வாலைப் பிடித்துத்தான் எலிகளைத் தூக்கிக் கொடுத்தார். நானும் அப்படியே தூக்கினேன். அப்படித் தூக்கிய கையை அவை நினைவில் வைத்துக்கொள்கின்றன. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது: வாலைப் பிடித்துத் தூக்கப்படும் எலிகள் மனிதக் கையைக் கண்டு ஒதுங்குகின்றன, குழாய்க்குள் தானாக நுழையவைத்துக் குழாயோடு தூக்கப்படும் எலிகளும், குவித்த இரு கைகளில் ஏந்தப்படும் எலிகளும் கையைத் தேடி வருகின்றன. சமையலறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக்குழாயை நான் தொட்டியிலேயே போட்டுவைத்தேன். முதல் வாரம் கையை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் கடுகு வந்து சுண்டுவிரல் நகத்தைப் பல்லால் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஏழாம் நாள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து முகம் கழுவியது. முன்னங்கால் இரண்டையும் நக்கி, மூக்கிலிருந்து காதுக்குப் பின்னால்வரை வழித்துவிட்டு, வாலை இரண்டு கைகளாலும் பிடித்துக் கரும்பைக் கடிப்பதுபோல நுனிவரை நக்கிக்கொண்டுபோன அந்த ஒரு நிமிடம் முழுவதும் நான் மூச்சுவிட்டேனா என்று தெரியவில்லை. தம்பி ஊரிலிருந்து வந்து தொட்டிக்கு முன் நின்றால் மட்டும் இரண்டும் ஒளிந்துகொள்ளும். அவன் வருத்தப்படுவான். ஆண்களின் வாடை, ஓர் ஆண் அணிந்து கழற்றிய சட்டையின் வாடைகூட, எலிகளுக்கு மன அழுத்தம் தருகிறது என்று மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014இல் கண்டறிந்ததை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கடுகின் வயிறு பக்கவாட்டில் பேரிக்காயைப்போல் புடைத்தது. தீனி அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதன் பிறகுதான் சாமையைக் குழாயோடு தூக்கி வெளிச்சத்தில் பின்பக்கம் பார்த்தேன். பெட்டையில்லை என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. சுண்டெலிக்குச் சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஒரு விடியற்காலையில் கூட்டுக்குள் எட்டுக் குட்டிகள் இருந்தன. அவரை விதையளவு, இளஞ்சிவப்பு, முடியில்லை, கண்ணும் காதும் மூடியிருந்தன. தோல் கண்ணாடிபோல இருந்ததால், குடித்த பால் வயிற்றின் இடப்பக்கம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தாய் பால் கொடுக்கிறாள் என்று தெரிந்துகொண்டு மூடிவிடலாம். முதல் சில நாள் கூட்டைக் கலைக்கவோ குட்டிகளைத் தொடவோ கூடாது. மிரண்டுபோன தாய் குட்டிகளைத் தின்றுவிடுவதுண்டு. நான் அதையெல்லாம் படித்துவிட்டு மிகக் கவனமாக இருந்தேன். சாமையையும் அன்று மாலையே வேறு பெட்டிக்கு மாற்றினேன். ஆனால் மாலைக்குள் காரியம் முடிந்துவிட்டிருந்தது. குட்டி ஈன்ற ஒரு நாளுக்குள் பெட்டை மறுபடியும் சினைப்பிடிக்கும் என்பது நான் படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. மார்ச்சில் மேலும் ஆறு குட்டிகள் வந்தன.

முதல் ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரு வாரத்தில் முடி முளைத்தபோது வீட்டில் பெரிய குழப்பம். தாய் கறுப்பு, தந்தை வெள்ளை. குட்டிகள் எட்டும் அச்சு அசலாகச் சமையலறை எலியின் பழுப்பு நிறம். பொறிக்குத் தப்பிய எலி ஒன்று இரவில் தொட்டிக்குள் வந்துபோயிருக்கிறது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். வலைக்கம்பியைத் தடவித் தடவி ஓட்டை தேடினாள். விஷயம் வேறு. வெள்ளை எலியின் வெள்ளை ஒரு நிறமல்ல, நிறமே இல்லாமை. உள்ளே என்ன நிறத்துக்கான மரபணு இருந்தாலும் அது வெளியே தெரியாமல் மூடிக்கிடக்கும். சாமை தனக்குள் காட்டு எலியின் பழுப்பை ஒளித்துவைத்திருந்தது. கடுகிடமிருந்து நிறமுண்டாக்கும் திறன் வந்து சேர்ந்ததும் குட்டிகளில் அது வெளிப்பட்டுவிட்டது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைப் பிரான்சின் நான்சி நகரில் லூசியன் குவேனோ 1902இல் காட்டியது இதே சுண்டெலி நிறங்களைக்கொண்டுதான். ஒரு மயிரை எடுத்து உற்றுப் பார்த்தால் அடியில் கருமை, நுனிக்கு அருகில் மஞ்சள் வளையம், நுனியில் மறுபடி கருமை. அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, இருந்தாலும் வலையை இன்னும் நெருக்கமாக அடிக்கச் சொன்னாள்.

கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். ஒன்பதாம் பத்தாம் நாளில் பெட்டைக் குட்டிகளின் வயிற்றில் ஐந்து இணை காம்புகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். முடி அடர்ந்துவிட்டால் தெரியாது. அந்தச் சில நாள்களைத் தவறவிட்டால், மூத்திரத்துளைக்கும் மலத்துளைக்கும் இடையே உள்ள தூரத்தைக்கொண்டு பார்க்க வேண்டும்: ஆணுக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பு. இரண்டு குட்டிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் புரியும். நான்கு வாரம் ஆனதும் ஆண்களைப் பிரித்துவிட வேண்டும். ஐந்தாறு வாரத்தில் அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தாய் என்றோ தங்கை என்றோ பார்க்காது. இரண்டு ஈற்றிலுமாக ஏழு ஆண்கள். அண்ணன் தம்பிதானே என்று மூன்றை ஒரே பெட்டியில் விட்டேன். இரண்டு மாதத்தில் ஒன்றின் முதுகிலும் வாலின் அடியிலும் பல் பதிந்த காயங்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் ஊரில் சொல்லிவைத்தவர் ஆண் எலியை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பெட்டைகள் நேர்மாறு, தனியாக விடப்பட்ட பெட்டை சோர்ந்துபோய்விடும். சாமையைத் தனியாக வைத்துக்கொண்டு, ஆண்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு வாங்கிக் காட்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தேன். தெரிந்தவர்களிடம் இப்படிக் கறாராகப் பேசியதில் ஓரிரு மனஸ்தாபங்கள் உண்டு. பெட்டைகளில் நான்கைக் கல்லூரி மாணவி ஒருத்தி வாங்கிக்கொண்டாள். மூத்த ஈற்றின் மூன்று பெட்டைகள் கடுகோடு தங்கின: தினை, வரகு, வால் சற்று நீளமாக இருந்ததால் குதிரைவாலி.

தீனியில் நான் முதலில் நம்பியது கடையில் விற்கும் கலவைப் பொட்டலத்தை. அதில் பாதி சூரியகாந்தி விதை. கடுகு அதை மட்டும் பொறுக்கித் தின்று, மற்றதையெல்லாம் மூலையில் புதைத்துவிட்டு, மூன்று மாதத்தில் 41 கிராம் ஆயிற்று. எலிக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஆய்வகங்களுக்குச் செய்யப்படும் அழுத்திய தீனி கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒவ்வொரு துண்டிலும் எல்லாச் சத்தும் இருப்பதால் பொறுக்க வழியில்லை. அது கிடைக்காத நாள்களில் தினை, சாமை, கம்பு, கோதுமை ரவை, ஓட்ஸ் ஆகியவற்றைக் கலந்து, வாரத்துக்கு இரண்டு முறை பட்டாணியளவு அவித்த முட்டையும், முளைகட்டிய பச்சைப்பயறு நாலைந்தும், வெள்ளரியோ கேரட்டோ ஒரு நறுக்கும் கொடுப்பேன். கிண்ணத்தில் வைக்காமல் காகிதத்துக்குள் தூவிவிட்டால் தேடித் தேடித் தின்னும். அதுவே அவற்றுக்கு வேலையும் விளையாட்டும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், ஊறுகாய் பட்ட சோறு எதுவும் கூடாது. எலிக்கு வாந்தியெடுக்க முடியாது. தவறிப்போய்த் தின்றது உள்ளேயே இருக்கும். எலிமருந்தின் வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம். முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கடிக்க ஏதாவது வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைப்போல் உகந்தது இல்லை. கவிழ்த்துவைத்தால் வீடு, கடித்தால் பல்லுக்கு அரம். முட்டை வைத்த நாளெல்லாம் எறும்பு படையெடுத்தது. பாட்டி காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததுபோல், மேசைக்கால் நான்குக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்த பிறகு ஓய்ந்தது.

எலி வளர்ப்பைப் பற்றிக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்த எனக்கு, சென்னையின் கத்திரி வெயிலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அந்த மே மாதம் ஒரு பிற்பகல், நான் அச்சகத்தில் இருந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். இரண்டு மணிநேரம் மின்சாரம் இல்லை. மேற்குப் பார்த்த அறையில், மூன்று பக்கமும் கண்ணாடியுள்ள தொட்டி. நான் வந்தபோது கடுகும் மகள்களும் கூட்டைவிட்டு வெளியே வந்து, கால்களை அகல விரித்து, வயிறு தரையில் பட, நனைந்த துணிபோலக் கிடந்தன. தாடையும் மார்பும் எச்சிலில் நனைந்திருந்தன. எலிக்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. சூடு அதிகமானால் எச்சிலைத் தடவிக்கொள்ளும், வாலின் வழியாக வெப்பத்தை வெளியேற்றும், அவ்வளவுதான் அதனால் முடிந்தது. குழாய்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றின் காதிலும் வாலிலும் ஒற்றினேன். மூன்று மெல்ல எழுந்தன. வரகு எழவில்லை. அதற்கு மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அடுத்த நாளே கண்ணாடித் தொட்டியைக் கைவிட்டு, நெருக்கமான கம்பி வலைக் கூண்டுக்கு மாற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடமான நடுக்கூடத்தின் தரையோடு ஒட்டிய திண்ணைக்குக் கொண்டுவந்தேன். தயிர் உறைவிடும் மண்சட்டி ஒன்றை விளிம்பு உடைத்துக் கவிழ்த்துவைத்து, அதன் முதுகை மட்டும் காலையிலும் நண்பகலிலும் நனைத்துவிடுவேன். உள்ளே ஈரம் படாமல் குளிர்ந்திருக்கும். தரையில் ஒரு பளிங்கு ஓடு. உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே சாய்த்துவைத்தால், அந்தப் பக்கமாக வரிசையில் வந்து படுத்துக்கொள்ளும். தண்ணீர்ப் புட்டியின் குழல் நுனியில் உள்ள குண்டு சிக்கிக்கொள்வது வழக்கம் என்பதால், தினமும் விரலால் தட்டி ஒரு சொட்டு வருகிறதா என்று பார்ப்பேன். கோடையில் இரண்டு புட்டி. கொசுவர்த்தியையும் பூச்சி மருந்துத் தெளிப்பையும் அந்த அறைப்பக்கமே விடுவதில்லை.

ஓடும் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடைத்து வைத்த பிராணியின் பைத்தியக்கார ஓட்டம் அது என்று நானும் நினைத்தேன். நெதர்லாந்தின் லைடன் நகரில் யோஹன்னா மெயர் குழுவினர் திறந்தவெளியில் சக்கரங்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஓடிவிட்டுப் போயின. 2014இல் அது வெளியாயிற்று. ஆக, அவற்றுக்கு ஓடுவது பிடிக்கிறது. சக்கரத்தின் குறுக்களவு குறைந்தது 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சிறியதில் முதுகு மேல்நோக்கி வளைகிறது. ஓடுதளம் இடைவெளியில்லாத பலகையாக இருக்க வேண்டும்; கம்பியாக இருந்தால் வால் சிக்கும். நடு இரவில் அச்சு கிறீச்சிட்டால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். நக்கினாலும் கெடுதல் இல்லை.

நோயைக் காட்டிக்கொள்ளாமல் மறைப்பது இரையாகும் பிராணிகளின் குணம். நம் கண்ணுக்குத் தெரியும்போது பாதி வழி போயிருக்கும். எனக்கு உதவியது ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசும் நாற்பது பக்க நோட்டும். வெள்ளிக்கிழமைதோறும் சிரட்டையில் தூக்கிவைத்து எடை எழுதுவேன். 30 கிராம் எலி 27க்கு இறங்கினால் அது பத்தில் ஒரு பங்கு. மனிதர் ஒருவர் ஒரு வாரத்தில் ஆறேழு கிலோ இளைப்பதற்குச் சமம். தினை அப்படி இறங்கிய வாரம் அதைக் காதோரம் வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தையல் இயந்திரம் தூரத்தில் ஓடுவதுபோல ஒரு கடகடப்பு. சுவாசத் தொற்று எலிகளிடம் மிகச் சாதாரணம். நாய், பூனை பார்க்கும் மருத்துவர்களில் எலியைப் பார்க்க ஒப்புக்கொண்ட மூன்றாமவர் எடைக்குத் தகுந்த மருந்துத் துளியைக் கணக்கிட்டுக் கொடுத்தார். என் நோட்டைப் புரட்டிவிட்டு, தன்னிடம் வரும் லாப்ரடாருக்குக்கூட இப்படி எழுதிவைப்பவர் இல்லை என்றார். தினை அதன் பிறகு ஒன்பது மாதம் இருந்தது. மனிதர்கள் பக்கமும் கவனம் தேவை: தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறை எலியின் சிறுநீரோ புழுக்கையோ வளர்ப்பெலியின் தீனியில் படவே கூடாது, சுண்டெலிகள் சுமக்கக்கூடிய ஒரு வைரஸ் கருவிலுள்ள குழந்தையைத் தாக்கும் என்பதால் கர்ப்பிணிகள் கூண்டைச் சுத்தம் செய்யக் கூடாது.

சுண்டெலியின் ஆயுள் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு. இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். தெரிந்திருந்ததால் ஒன்றும் குறையவில்லை. சாமை 2020 செப்டம்பரில் தூக்கத்தில் போயிற்று. நவம்பரில் கடுகின் முன்னங்காலுக்கு அடியில் சுண்டைக்காயளவு ஒரு கட்டி வந்தது. வயதான பெட்டைகளுக்கு மார்புக் கட்டி வருவது அடிக்கடி நடப்பது. மூன்றே வாரத்தில் அது நெல்லிக்காயளவு ஆகி, நடக்கத் தடுத்தது. அறுவை தாங்காது என்று மருத்துவர் சொன்னதும் ஊசிக்கு ஒப்புக்கொண்டேன். அம்மா அன்றைக்குப் பொறியில் வடை வைக்கவில்லை. வேறு எதுவும் சொல்லவுமில்லை. தினையும் அதற்கு முன்பே போய்விட்டிருந்ததால் குதிரைவாலி தனியாயிற்று.

கூட்டுக்குள்ளேயே கிடந்தது, சக்கரத்துக்கு வரவில்லை, எடை 31லிருந்து 28. துணைக்கு இளம் எலி ஒன்று வாங்கினால், இது போனபின் அது தனியாகும். இந்தச் சங்கிலிக்கு முடிவே கிடையாது. யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கல்லூரி மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளிடம் போன நான்கில் மிளகு என்ற ஒன்றுதான் மிச்சமாம், அதுவும் கூட்டைவிட்டு வருவதில்லையாம். உடன்பிறந்தவைதானே என்று நேராகக் கூண்டில் விட்டுவிட முடியாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வாடை மாறிப்போய் இரண்டும் அந்நியர்கள். இரண்டின் வாடையும் இல்லாத, வெந்நீரில் கழுவிய சிறு பெட்டி ஒன்றில், ஒளிய இடமோ உரிமைகொண்டாடப் பொருளோ எதுவும் வைக்காமல், வெறும் காகிதம் போட்டு இரண்டையும் விட்டேன். முதலில் மூக்கோடு மூக்கு. பிறகு குதிரைவாலி மிளகின் பின்னால் போய் முகர்ந்தது. மிளகு ஒருமுறை கீச்சிட்டுப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. கையில் ஒரு துண்டோடு நானும் அந்தப் பெண்ணும் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். இரத்தம் வரவில்லை. இரண்டாம் நாள் சற்றுப் பெரிய பெட்டி, மூன்றாம் நாள் சக்கரம், நான்காம் நாள் மண்சட்டி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எடை பார்க்கச் சட்டியைத் தூக்கினேன். இரண்டும் ஒன்றின் கழுத்தில் ஒன்று முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. எந்த வால் எதனுடையது என்று தெரியவில்லை. பிரிக்க மனமில்லாமல், சிரட்டையைச் சரித்து இரண்டையும் கூட்டோடு அள்ளித் தராசில் வைத்து, சிரட்டையையும் காகிதத்தையும் கழித்து எழுதினேன்: குதிரைவாலி, மிளகு, சேர்ந்து 58.